மூன்று புள்ளியும் ஒரு கோடும்

“அக்கா பிறேக் எண்டு நினைச்சு அக்சிலேட்டரை மிதிச்சிட்டா.”

இந்த வசனத்தைச் சொன்ன ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. சொன்னவர் எங்கள் காரைத் திருத்துகிற கராஜ்காரர். சொன்ன இடம் கொக்குவில் ரயில் கடவை. அப்போது நான் காருக்குள்ளேதான் இருந்தேன். கண்ணாடி இறக்கியிருந்தது. எனக்குக் கேட்கும் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னார்.

நடந்தது இதுதான். வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். கடவைக் கம்பம் இறங்கத் தொடங்கியது. பிறேக்கை மிதித்தேன். பிறேக்கைத்தான் மிதித்தேன். தகரத்தைத் தார் றோட்டில் இழுத்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, கார் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். கார் தன் பாட்டில் போய்க் கம்பத்தில் முட்டி, கம்பம் பொனற்றின் மேல் சாய்ந்து, அதற்குப் பிறகுதான் நின்றது. கண்ணுக்கு முன்னால் ரயில் போனது. யன்னலில் இருந்த ஒரு பெண் கடலை சாப்பிட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டு போனது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஆட்கள் கூடினார்கள். கராஜ் பக்கத்தில்தான் என்பதால் அவரும் வந்தார். அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். “பிறேக்குக்கு என்ன நடந்தது?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு பொம்பிளை காரைக் கொண்டுபோய் முட்டினால் ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

காரை மெல்ல உருட்டிக்கொண்டு நான் வீடு வந்து சேருவதற்கு முன்னரே அந்த வசனம் வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் வளவில் இரண்டு வீடு. ஒன்று எங்களுடையது. மற்றது என் கணவரின் தமையனுடையது. அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தர். ஓய்வு பெற்றாலும் உத்தியோகம் போகவில்லை, இப்போது எங்கள் இரண்டு பேரையும் வைத்து நடத்துகிறார். அவர் எங்கள் முற்றத்தில் வந்து நின்று கார்ச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

“பிள்ளை, திறப்பைத் தாரும். நீர் இனிக் கார் ஓட வேண்டாம். ஆரையும் கொண்டுபோடுவீர்.”

“பிறேக் பிடிக்கேல்லை பெரியத்தான். நான் மிதிச்சனான்.”

“போன மாதந்தானே புதுப் பிறேக் போட்டது? அவன் தொழில் தெரிஞ்சவன். பொய் சொல்லுவானே?”

அவன் பொய் சொல்ல மாட்டான், ஆனால் நான் சொல்வேன் என்பது அதன் பொருள். திறப்பைத் தர மாட்டேன் என்று நான் நின்றேன். அப்போது என் கணவர், கண் பார்வை குறைவால் கார் ஓடாத, சண்டை என்றால் ஒதுங்கிப்போகிற நல்ல மனிதர், என் கைப்பையைத் திறந்து திறப்பை எடுத்துத் தமையனிடம் கொடுத்தார். “விடும்” என்றார் என்னிடம். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் எனக்குச் சொன்ன புத்திமதி அவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

அடுத்த நாளே பெரியத்தான் முடிவு சொன்னார். வளவுக்குள் இரண்டு கார் எதற்கு? கராஜ்காரர் எங்கள் காரைத் தானே விலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து கொண்டுபோவாராம். நான் பஸ்ஸில் போகலாமாம்.

எனக்கு வேலை தொண்டைமானாற்றில், ஒரு பாடசாலை அலுவலகத்தில். பஸ்ஸில் போவதென்றால் மாறி மாறி ஏற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. உரும்பிராய் தாண்டி அச்சுவேலி வரைக்கும் போகிற அந்த நேரம் மட்டும்தான் ஒரு நாளில் எனக்கென்று இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டுத் தோட்டக் காற்றில் போவேன். அதைத்தான் பறிக்கப் பார்த்தார்கள். பறிப்பதென்றால் பறித்துவிட்டுப் போகட்டும், “அவவுக்கு ஓடத் தெரியாது” என்று பெயரையும் சேர்த்துக் கட்டி அனுப்புகிறார்கள். அந்த வாரம் முழுக்க நான் சோறு சமைத்தேன், வேலைக்குப் போனேன், பஸ்ஸில் நின்றேன், ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் கதைக்காமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று என் கணவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

எனக்கு ஒரு விசயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் புதுப் பிறேக் கட்டைகளை நானேதான் யாழ்ப்பாணம் ரவுணில் கடைக்குப் போய் வாங்கிக் கொண்டுவந்து கராஜில் கொடுத்தேன். கராஜ்காரர் அதைப் ‘பாட்’ என்பார். எனக்கு அது பிறேக் கட்டைதான். சைக்கிளுக்கு றப்பரில் போடுவது போலத்தான் இதுவும், இரும்புத் தட்டில் ஒட்டிய கட்டை. முன் சில்லுக்குள்ளே ஒரு வட்டத் தட்டு சுற்றுகிறது. அதை இரண்டு பக்கமும் இந்தக் கட்டைகள் நெரிக்கின்றன. கார் நிற்கிறது. யுத்தத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிளிலேயே வளர்ந்தவளுக்கு இதைத் தனியாக விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கொடுக்க முதல், வீட்டில் வைத்து ஒரு வேலை செய்தேன். கட்டையின் இரும்பு முதுகில் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்து மூன்று புள்ளி போட்டேன். அதன் கீழே உளியால் ஒரு கோடு கீறினேன். நான்கு கட்டைகளுக்கும் அப்படியே.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் இது புதினமில்லை. கல்யாணம், செத்தவீடு, கோயில் அன்னதானம் என்று பானை சட்டி, கதிரை எல்லாம் வீட்டுக்கு வீடு போய் வரும். திரும்பி வரும்போது ஆளுக்கு ஆள் மாறாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. பாத்திரத்தின் அடியில் பெயின்ற்றால் ஒரு பொட்டோ, உளியால் ஒரு வெட்டோ. எங்கள் மாமனார் வீட்டின் அடையாளம் மூன்று புள்ளி.

கோடு எப்படி வந்தது என்பது தனிக் கதை. மாமா செத்து, வளவு பிரித்து, முதல் வருச ஆட்டத் திவசம் முடிந்த அன்று பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. பெரிய கிடாரம் ஒன்றைப் பெரியத்தான் தன் பக்கம் இழுத்தார். அது மாமி எனக்குத் தந்தது. அடியில் மூன்று புள்ளி இருக்கிறது என்று காட்டினேன்.

“மூண்டு புள்ளி அப்புவின்ரை அடையாளம். அது மூத்தவனுக்குத்தான். எங்கடை சாமானோடை உங்கடை சாமான் கலக்கக் கூடாது. நீங்கள் வேறை அடையாளம் வையுங்கோ” என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. தன் வீட்டிலிருந்து பச்சைப் பெயின்ற்றையும் தூரிகையையும் கொண்டுவந்து, எங்களுக்கு மிஞ்சிய ஒவ்வொரு பானையின் அடியிலும், ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் மூன்று புள்ளிக்குக் கீழே தன் கையாலேயே ஒரு கோடு இழுத்தார். கிடாரம் அவர் வீட்டுக்குப் போயிற்று. இப்போது அது அவரது கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற கிடாரமாக இருக்கிறது. நான் ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறேன். அன்றிலிருந்து என் வீட்டுப் படலையைத் தாண்டி வெளியே போகிற எந்தச் சாமானும் மூன்று புள்ளியும் ஒரு கோடும் இல்லாமல் போனதில்லை. இடியப்பத் தட்டானாலும் சரி, பிறேக் கட்டையானாலும் சரி.

கட்டையைக் கையில் வாங்கிய கராஜ்காரர் அடையாளத்தைக் கண்டு சிரித்தார். “என்ன அக்கா, உதையும் கிடாரம் எண்டு நினைச்சிட்டியளோ?” என்றார். ஊர்க்கதை எல்லாம் அவருக்குத் தெரியும்.

ஞாயிறு வந்தது. பெரியத்தான் வழக்கம்போல மீன் வாங்க மோட்டார் சைக்கிளில் கொழும்புத்துறைக்குப் போனார். மீன் வாங்குவது சுருக்கமான வேலை. ஆனால் அவர் கரையில் நின்று நாட்டு நடப்புக் கதைத்துவிட்டுத்தான் வருவார். அவரது மனைவி, பெரியக்கா, மகளின் பிள்ளைப்பேற்றுக்கு லண்டன் போயிருந்தார். கராஜ்காரர் மத்தியானத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் வளவு என்னுடையது.

கார் திறப்பு ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது என் சேலை அலுமாரிக்குள் கிடந்தது. அதை எடுத்து நான் எப்போதோ ஓடிப் போயிருக்கலாம். அது எனக்குத் தேவையில்லை. வாங்கிய கை திருப்பித் தர வேண்டும். அதுதான் எனக்குத் தேவை.

என் கணவரின் பழைய சேட் ஒன்றைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியில் ஒரு காணொளியை வைத்துவிட்டு முன் சில்லுக்கு முன்னால் குந்தினேன். தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவன் விளங்கப்படுத்தினான். நல்லாகத்தான் சொன்னான். “ஃபிரண்ட்ஸ், ஃபிரண்ட்ஸ்” என்று கூப்பிட்டது மட்டும் பிடிக்கவில்லை. அன்று நான் யாருக்கும் ஃபிரண்ட் இல்லை.

பின் சில்லுகளுக்குக் கல் அணை வைத்தேன். காரைத் தூக்குவதற்கு முதலே நட்டுகளை இளக்க வேண்டும் என்றான். நட்டு அசையவில்லை. ஸ்பானரின் பிடியில் ஏறி நின்று மிதித்தேன். மிதிக்கும்போது யாரை நினைத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. முதல் நட்டு ‘கிறீச்’ என்று இளகியது. மற்றவை தாங்களாகவே வழிக்கு வந்த மாதிரி இருந்தது. ஜக் வைத்துத் தூக்கினேன். சில்லைக் கழற்றினேன்.

சத்தம் கேட்டு என் கணவர் வெளியே வந்தார். “இஞ்சாரும், என்ன செய்யிறீர்?”

“பாக்கத் தெரியேல்லையோ? சில்லுக் கழட்டுறன்.”

“விடும். மத்தியானம் அவன் வந்து கொண்டுபோகப் போற கார்.”

“அதுக்கு முதல் ஒரு சாமான் பாக்க வேணும். ரோச்சைப் பிடியுங்கோ.”

ரோச்சைப் பிடித்தார். தட்டை நெரிக்கிற இரும்புப் பிடியின் பின்னால் இரண்டு போல்ற் இருந்தன. கழற்றிப் பிடியைத் தூக்கினேன். அதன் குழாயில் பாரம் விழக்கூடாது என்று பொடியன் சொன்னதால் உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக் கட்டித் தொங்கவிட்டேன். உள்ளே இருந்த கட்டைகள் கையில் வந்தன.

கட்டை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. தேய்ந்து தேய்ந்து வெறும் இரும்பு. இரும்பு இரும்பில் உரசித் தட்டில் கீறல் விழுந்திருந்தது. அதுதான் கடவையில் கேட்ட தகரச் சத்தம். முதுகைத் துடைத்துப் பார்த்தேன். புள்ளி இல்லை. கோடு இல்லை. இது நான் கொடுத்தது அல்ல. பழைய கட்டையைக் கழற்றவேயில்லை.

இந்த இடம்வரைக்கும் கராஜ்காரரை ‘அவர்’ என்று எழுதிவிட்டேன். இனிமேல் அவன்.

“மாத்த மறந்திருப்பான்” என்றார் என் கணவர்.

“மறந்தவன் ஏன் என்னைப் பாத்துச் சிரிச்சவன்? பிறேக் ஏன் பிடிக்கேல்லை எண்டு அந்த ஊரிலை அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். தெரிஞ்சுகொண்டு சிரிச்சவன்.”

அதற்கு அவரிடம் ‘விடும்’ இல்லை. அந்த ரயில் இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால், கம்பம் பலமில்லாமல் இருந்திருந்தால், என் செத்தவீட்டிலும் அவன் வந்து நின்று “அக்கா அக்சிலேட்டரை மிதிச்சிட்டா” என்றுதான் சொல்லியிருப்பான். எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். என் கதிரைகளிலேயே இருந்துகொண்டு தலையாட்டியிருப்பார்கள்.

சரி, என் கட்டைகள் எங்கே? யோசித்தபடி நிமிர்ந்தபோது எதிரே பெரியத்தானின் கார் நின்றது. எங்கள் கார் எந்த வகையோ அதே வகை. எங்களைப் பார்த்துத்தான் அவர் வாங்கினார். ஆனால் எங்களுக்கு மேலால் நிற்க வேண்டும் என்று பளபளக்கிற அலோய் சில்லுகள் போட்டிருந்தார். கம்பிக்குக் கம்பி நல்ல இடைவெளி. என் கார் கராஜுக்குப் போன அதே வாரம் அவரது காரும் போனது. “புதுப் பிறேக். தொட்டால் நிக்குது” என்று முற்றத்தில் நின்று எனக்குக் கேட்கச் சொன்னார்.

ரோச்சைப் பறித்துக்கொண்டு போய், அவரது சில்லின் இடைவெளியால் வெளிச்சம் அடித்தேன். இரும்புப் பிடியின் நடுவே ஓர் ஓட்டை. அந்த ஓட்டையால் கட்டையின் முதுகு தெரிந்தது.

மூன்று புள்ளி. கீழே ஒரு கோடு.

“இஞ்சை வாருங்கோ” என்றேன். என் கணவர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு எழும்பி வீட்டுக்குள் போய் மற்றைய ஸ்பானரையும் எடுத்து வந்து என் கையில் தந்தார். அந்த மனிதர் மேல் நான் வைத்திருந்த கோபத்தில் பாதி அப்போது போயிற்று. மற்றப் பாதியைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

பெரியத்தானின் காரைத் தூக்கி மரக் குற்றிகளில் நிறுத்தி, முன் சில்லுகள் இரண்டையும் கழற்றினேன். தன் வீட்டு முற்றத்தில் தன் சாமானைக் கழற்றுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான்கு கட்டைகளும் என்னுடையவை. நான்கிலும் அடையாளம் இருந்தது. புதிதாகத்தான் இருந்தன. மீன் வாங்க மோட்டார் சைக்கிளிலும் கோயிலுக்குக் காரிலும் போகிறவர் எவ்வளவு தேய்த்துவிடப் போகிறார்?

என் காரின் தேய்ந்த கட்டைகளை அவரது காருக்குள் பூட்டிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, கையில் எடுத்துவிட்டேன். சில்லைப் போட்டு மூடினால் யாருக்குத் தெரியும்? அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போகும்போது அவருக்கும் அந்தத் தகரச் சத்தம் கேட்கட்டும். நல்ல நினைப்பு. இனிப்பாகவே இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கத் தோன்றியது. தவிர, முட்டின பிறகு இவரும் பிறேக் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வார், ஊர் உடனே நம்பும். அது எனக்கு இன்னும் எரிச்சல். தேய்ந்த கட்டைகளைக் கழுவித் துடைத்து அவரது பொனற்றின் மேல் வரிசையாக வைத்தேன். பிறேக் இல்லாத காரை யாரும் தவறிச் சில்லைப் பூட்டி ஓடிவிடக் கூடாது என்று சாரதி ஆசனத்தில் முள்ளோடு ஒரு தேசிக்காய் மரக் கொப்பையும் முறித்து வைத்தேன். அது பாதுகாப்புக்குத்தான்.

பிறகு என் கார். புதுக் கட்டை மொத்தமென்பதால் இரும்புப் பிடிக்குள் துருத்தி நிற்கிற உருளையை உள்ளே தள்ள வேண்டும். அதற்கென்று ஓர் இறுக்கி வேண்டும் என்றான் காணொளிப் பொடியன். என்னிடம் அது இல்லை. மேசையில் திருகிப் பூட்டுகிற திருவலை இருந்தது. தேங்காய் திருவுகிற அதே திருவலை. பழைய கட்டை ஒன்றைத் திரும்ப எடுத்து உருளையின் மேல் வைத்துத் திருவலையின் வாயைக் கொடுத்தேன். மட்டுமட்டாகப் பிடித்தது. திருகத் திருக உருளை முனகிக்கொண்டு உள்ளே போனது. கட்டையை வைத்து, பிடியை இறக்கி, போல்ற்றுகளை இறுக்கினேன். இரண்டாவது பக்கம் இன்னும் சுருக்கமாக முடிந்தது. சில்லுகளைப் போட்டேன். ஜக்கை இறக்கினேன். கைகள் கறுப்பு, முகம் வியர்வை. கண்ணாடியில் பார்த்தால் என்னையே எனக்குப் பிடித்திருக்கும்.

அலுமாரித் திறப்பை எடுத்து வந்து காரை எழுப்பினேன். முற்றத்தில் ஓர் உருட்டு உருட்டிப் பிறேக்கை மிதித்தேன். கால் அடிமட்டும் போயிற்று. ஒன்றுமில்லை. வெறுங்காற்று. கார் நேரே கிணற்றடிக்குப் போனது. ஹாண்ட் பிறேக்கை இழுத்தேன், ஆனால் அதற்கு முதல் ‘டங்’ என்று ஒரு சத்தம். கிடாரம்.

அப்போதுதான் காணொளியின் கடைசிப் பகுதி ஞாபகம் வந்தது. கட்டை மாற்றினால் காரை அசைக்க முதல் பிறேக்கை மிதித்து மிதித்து எடுக்க வேண்டும். அப்போதுதான் உருளை வெளியே வந்து கட்டையைத் தொடும். மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் கால் கொஞ்சம் மேலே நின்றது. கடைசியில் கல்லை மிதித்த மாதிரி நின்றது. அந்த உறுதி உள்ளங்காலில் ஏறியபோது எனக்குக் கண் கலங்கியது. கிடாரத்தில் ஒரு பக்கம் நல்ல நெளிவு. அது தற்செயல்தான். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

பெரியத்தான் மீன் பையோடு வந்தபோது நான் கழுவிய கையோடு படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவரது கார் முன் சில்லு இரண்டும் இல்லாமல் குற்றிகளின் மேல் நின்றது.

“ஆர் உது செய்தது?” என்று கத்தினார்.

“நான்தான். பொனற்றிலை கிடக்கிறதைப் பாருங்கோ. அதோடைதான் நான் போன மாதம் முழுக்க ஓடித் திரிஞ்சனான். புதுசு உங்கடை சில்லுக்குள்ளை இருந்தது.”

“விசர்க்கதை கதையாதையும். அது என்ரை பிறேக். அவன் புதுச் சோடி எண்டு போட்டுத் தந்தவன்.”

“அடையாளம் இருந்தது பெரியத்தான்.”

“மூண்டு புள்ளி எங்கடை அடையாளம்” என்றார் உடனே. கிடாரத்தைப் பறித்த அதே குரல்.

“ஓம். மூண்டு புள்ளி உங்கடைதான்” என்றேன். “கோடு?”

அவர் கண் எங்கள் படிக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையின் முதுகுக்கு, அதிலிருந்த பச்சைக் கோட்டுக்குப் போனது. அந்தக் கோட்டை எங்களுடைய சாமான் தன்னுடையதோடு கலக்கக் கூடாது என்று தன் கையாலேயே இழுத்தவர். அவர் மட்டும் அன்று அந்தப் பெயின்ற் வாளியைத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்திருந்தால் இன்று நான் தோற்றிருப்பேன். இத்தனை வருசமாக அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எரிந்தேன். அன்று முதல்தடவையாக அதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

“எனக்குத் தெரியாது பிள்ளை” என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. “கையிலை ஒரு சோடி கிடக்கு, போட்டுவிடுறன் எண்டவன். நான் கேக்கேல்லை.”

அவருக்குத் தெரியாது என்பதை நான் நம்பினேன். ஆனால் என்னிடம் திறப்பை வாங்க வந்தபோதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதை மறக்கவில்லை.

சேட் பொக்கற்றிலிருந்து திறப்பை எடுத்து என் காரின் பொனற்றில் வைத்தார்.

“கையிலை குடுங்கோ அண்ணை” என்றார் என் கணவர்.

வளவு பிரிக்கும்போதுகூடத் தமையனை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத மனிதர். பெரியத்தான் அவரைப் பார்த்தார். பிறகு திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். மிச்சமிருந்த பாதிக் கோபமும் போயிற்று. என் கணவர் மேல் இருந்தது மட்டும்.

அந்த நேரம் பார்த்துப் படலைக்குள் வந்தான் அவன். காரைக் கொண்டுபோக வந்தவன். நல்ல வேட்டி உடுத்து, நெற்றியில் திருநீறு. பெரியத்தானின் கார் நிற்கிற நிலையையும் பொனற்றில் கிடந்த கட்டைகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது.

“அக்கா, அது... அண்டைக்கு ரெண்டு காரும் பக்கத்திலை நிண்டது. பொடியள் மாறிப் பூட்டிட்டாங்கள்.”

“கடவையிலை சிரிச்சதும் பொடியளோ?”

அவன் படலைப் பக்கம் ஓர் அடி வைத்தான். ஒழுங்கையில் ஆட்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

“ஏறு தம்பி” என்றேன். “கடவை மட்டும் போய்ட்டு வருவம். பெரியத்தான், நீங்களும் ஏறுங்கோ.”

“எனக்கு வேலை கிடக்கு அக்கா...”

“பயமோ? நீ போட்ட பிறேக்கெண்டால் பயப்பிடலாம். இது நான் போட்டது.”

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறாமல் இருக்க முடியவில்லை. அவன் முன்னால், பெரியத்தான் பின்னால். மீன் பை என் கணவரின் கையில். நான் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டேன். கேட்கிறவர்களுக்குக் கேட்கட்டும்.

ஒழுங்கை தாண்டி நேர் றோட்டில் ஏறியதும் கொஞ்சம் வேகமெடுத்தேன். கொஞ்சம்தான். தூரத்தில் கடவை மணி அடித்தது. கம்பம் இறங்கத் தொடங்கியது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் கதவுப் பிடியைப் பிடித்தான். பின்னால் “பிள்ளை” என்று ஒரு குரல் வந்தது. அன்றைக்கு எங்கே மிதித்தேனோ அதே இடத்தில் மிதித்தேன்.

கார் நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது. கம்பத்துக்கும் பொனற்றுக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகலாம்.

அன்று சிரித்த அதே ஆட்கள் கடை வாசலில் நின்றார்கள். நான் பக்கத்தில் குனிந்து அவனது காலைப் பார்த்தேன். வலது கால், செருப்பு கழன்று, அங்கே இல்லாத பிறேக்கை மிதிக்கிற மாதிரித் தரையை அழுத்திப் பிடித்திருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். பெரியத்தானின் காலும் அப்படியே.

“என்ன தம்பி” என்றேன், கடை வாசல்வரைக்கும் கேட்கிற குரலில். “பிறேக்கோ மிதிக்கிறாய், அக்சிலேட்டரோ?”